மேலே சூடு, கீழே வெள்ளம்: ஓட்ஸை எங்கே வைப்பது?

2023 மார்ச்சில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள எங்கள் சிகாமட் மாவட்டத்தில் வெள்ளத் தண்ணீர் ஏறியபோது, எங்கள் லாபிஸ் வீட்டில் ஒரு பெரிய மைலோ டின் நிறைய ஓட்ஸ் இருந்தது. மலிவு விற்பனையில் வாங்கியது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் வைத்தேன், அப்புறம் மறந்தே போனேன். தண்ணீர் எங்கள் வாசற்படியோடு நின்றுவிட்டது. ஆனால் சாலையும் கடைகளும் மூடியதால் மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தோம். இரண்டாம் நாள் காலை அந்த டின்னைத் திறந்தேன். பழைய தேங்காயெண்ணெய் வாடை குப்பென்று வந்தது. மேலாகச் செம்பழுப்பு வண்டுகள் நாலைந்து அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தன. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது மாட்டுக்குக்கூட ஆகாதுடி" என்றார்.

பத்து வெள்ளிக்கும் (ரிங்கிட்) குறைவான நஷ்டம்தான். ஆனாலும் ஓட்ஸ் ஏன் கெடுகிறது, நம் ஊரில் அதை எப்படி வைப்பது என்று அதன்பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அகராதியில் ஓட்ஸுக்குக் காடைக்கண்ணி என்று அழகான பெயர் இருக்கிறது. லாபிஸ் கடைத்தெருவில் அப்படிக் கேட்டால் கடைக்காரர் பறவைத் தீனி இருக்கும் பக்கம் கையைக் காட்டுவார். ஆகவே ஓட்ஸ் என்றே சொல்கிறேன்.

அவசரக் கையிருப்பு என்றதும், உலகம் அழியப் போகிறதென்று நிலவறை கட்டும் பணக்காரர்கள் ஞாபகத்துக்கு வரலாம். நமக்கு அவ்வளவு வேண்டாம். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இழுக்கும். எங்கள் மாவட்டம் 2006 டிசம்பரிலும், 2011 தொடக்கத்திலும், 2023லும் அதை நன்றாகவே அனுபவித்திருக்கிறது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது மழையே இல்லை. ஆனாலும் கடைக்குப் போவதே பெரும்பாடாக இருந்தது. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் முதல் தேதி இங்கே இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியது. உள்நாட்டு அரிசியோ பத்துக் கிலோ 26 வெள்ளி என்ற கட்டுப்பாட்டு விலையிலேயே நின்றது. எல்லோரும் அதன் பக்கம் திரும்ப, கடைத் தட்டுகள் காலி. தோட்டத்துப் பெரியவர்கள் இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வளர்த்த கதையைச் சொல்லும்போது நாம் பாதிக் காதோடுதான் கேட்டிருப்போம். அவர்கள் சொன்ன விஷயம் எளிது: ஒரே தானியத்தை நம்பி ஒரு வீடு இருக்கக்கூடாது.

இரண்டாவது தானியமாக ஓட்ஸ் எதற்கு? அது கிட்டத்தட்ட அவல் மாதிரி என்பதால். ஓட்ஸ் மணியின் உமியை நீக்கி, ஆவியில் வேகவைத்து, உருளைகளுக்கு இடையே விட்டுத் தட்டையாக்குகிறார்கள். ஆகவே பொட்டலத்தில் நாம் வாங்குவது பாதி வெந்த பொருள். அவலைப் போலவே தண்ணீரில் ஊறவைத்தும் சாப்பிடலாம். கேஸ் தோங் (சிலிண்டர்) தீர்ந்து, மின்சாரமும் போய் உட்கார்ந்திருக்கும்போது அரிசியால் செய்ய முடியாததை இது செய்யும். 100 கிராமில் ஏறத்தாழ 380 கலோரி, 13 கிராம் புரதம், 10 கிராம் நார்ச்சத்து. வெள்ளை அரிசியைவிடப் புரதம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அரிசியோடு ஒப்பிடும்போது ஒரு முக்கியமான வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். என் மைலோ டின் ஓட்ஸ் கெட்டதற்குக் காரணமே அதுதான். வெள்ளை அரிசியைத் தீட்டும்போது தவிடும் முளையும் போய்விடும். தானியத்தின் எண்ணெய் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கிறது. எஞ்சும் அரிசியில் 100 கிராமுக்கு ஒரு கிராம் கொழுப்புகூட இராது. ஓட்ஸை அப்படித் தீட்டுவதில்லை. தவிடு, முளை எல்லாவற்றோடும் சேர்த்தே நசுக்குகிறார்கள். போதாததற்கு ஓட்ஸ் இயல்பிலேயே எண்ணெய் அதிகமுள்ள தானியம். 100 கிராமில் 6, 7 கிராம் கொழுப்பு. நெல் மில்லில் புதுத் தவிடு வாங்கி ஒரு வாரம் மூட்டையில் விட்டவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு சீக்கிரம் காறிப்போகும் என்று. தவிட்டில் கொழுப்பைப் பிளக்கும் ஒரு நொதி இருக்கிறது. லிபேஸ் என்று பெயர். மணி முழுதாக இருக்கும்வரை அதுவும் எண்ணெயும் தனித்தனி அறைகளில் இருக்கும். நசுக்கியதும் இரண்டும் கலந்துவிடும். ஓட்ஸிலும் இதே நொதிதான். ஆலையில் ஆவி காட்டுவதன் முக்கியமான நோக்கமே இந்த நொதியைச் சாகடிப்பதுதான். இல்லாவிட்டால் ஓட்ஸ் சில நாட்களிலேயே கசக்கத் தொடங்கிவிடும்.

நொதி செத்துவிட்டது, சரி. ஆனால் எண்ணெய் அங்கேயேதான் இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த எண்ணெயை மெதுவாக அரிக்கும். அதிலிருந்து வருவதுதான் காறல் வாடை. பெயின்ட், பழைய கடலை, நாள்பட்ட எண்ணெய் எல்லாம் கலந்த மாதிரி ஒரு வாசம். ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. காறிய ஓட்ஸை ஒருவாய் தின்றால் ஆபத்தில்லை. ஆனால் வெள்ளத்துக்கு நடுவே அழுதுகொண்டிருக்கும் குழந்தைக்கு அதை ஊட்டிப் பாருங்கள், தெரியும்.

அமெரிக்க இணையப் பக்கங்களைப் படித்தால் ஓட்ஸ் 30 வருடம் இருக்கும் என்று எழுதியிருப்பார்கள். அது பொய்யும் அல்ல. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 28 வருடம் வரை டின்னில் அடைத்து வைத்திருந்த ஓட்ஸைச் சமைத்து ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவசர காலத்துக்கு ஆகும் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். அந்த 30 வருடக் கணக்கு, 24 டிகிரிக்கு மேல் போகாத, ஈரமில்லாத அறைக்கானது. நம் வீட்டில் பகலில் 32 டிகிரி சர்வசாதாரணம். ஜிங்க் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் அதைவிட எவ்வளவோ கூடும். இப்படிப்பட்ட வேதிவினைகள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொதுவான கணக்கு. அதாவது அவர்களுடைய அலமாரியில் ஒரு வருடம் ஓடுவதற்குள் என் அடுப்புத் தட்டில் இரண்டு, மூன்று வருடம் ஓடிவிடுகிறது. அடுப்புக்கு மேலே வைத்த என் புத்தியை என்ன சொல்ல.

வண்டு விஷயம் தனி. அரிசியில் வரும் வண்டுக்கு மூக்கு நீண்டிருக்கும். அது முழு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிடும். தட்டையான ஓட்ஸில் அதற்கு அதிகம் வேலையில்லை. ஓட்ஸைத் தேடி வருவது மூக்கில்லாத செம்பழுப்பு மாவு வண்டும், அந்துப்பூச்சியும்தான். மெல்லிய பிளாஸ்டிக் பையை அந்துப்புழு கடித்துத் துளைத்துவிடும். பல நேரம் வீட்டிலுள்ள பழைய மாவிலிருந்தே இவை கிளம்புகின்றன. எங்கள் வீட்டில் மூலகாரணம், தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய கடலைமாவு.

அரிசிக்கு வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போடுவது அம்மா வழக்கம். ஓட்ஸிலும் போட்டுப் பார்த்தார். காய்ந்த வேப்பிலை நொறுங்கி ஓட்ஸோடு ஓட்ஸாகக் கலந்துவிட்டது. அரிசியாக இருந்தால் முறத்தில் இட்டுப் புடைத்துவிடலாம். ஓட்ஸைப் புடைத்தால் முதலில் பறப்பது ஓட்ஸ்தான். ஒரு வாரம் கசப்புக் கஞ்சி குடித்தோம். அதற்குப் பதில் எளிய வழி, வாங்கியதும் பொட்டலத்தைப் பிரிக்காமல் ஐஸ்பெட்டியின் உறைபெட்டியில் நான்கு நாள் வைப்பது. உறைபெட்டி மைனஸ் 18 டிகிரியில் இருந்தால் முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள். குளிர்ந்த பொட்டலத்தைத் திறந்தால் நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரம் ஓட்ஸின் மேல் வியர்த்துப் படியும். அரை நாள் அப்படியே விட்டு, அறைச் சூட்டுக்கு வந்தபிறகு பிரியுங்கள்.

அந்த ஈரம்தான் அடுத்த எதிரி. ஆலையிலிருந்து வரும் ஓட்ஸில் ஈரப்பதம் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டுக்குள்தான் இருக்கும். பொட்டலத்தைத் திறந்து கிளிப் போட்டு வைத்தால் மழைக்காலத்தில் அது காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரமாகிக் கட்டி கட்டியாகச் சேர்ந்தாலோ, பூஞ்சை வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பூஞ்சை பிடித்ததைச் சமைத்தாலும் அதன் நஞ்சு போகாது.

இனி எதில் வைப்பது. இரண்டு விஷயங்களை நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். காலணிப் பெட்டியில் வரும் சிறு மணிப் பொட்டலம் சிலிகா ஜெல். அது ஈரத்தை உறிஞ்சும், ஆக்சிஜனை ஒன்றும் செய்யாது. ஆக்சிஜன் உறிஞ்சி என்பது வேறு. அதற்குள்ளே இரும்புத்தூள் இருக்கிறது. அது துருப்பிடிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். பைக்குள் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு அது துருப்பிடித்து முடிந்தால் எண்ணெயை அரிக்க ஒன்றும் மிஞ்சாது, வண்டும் மூச்சுத்திணறிச் சாகும். நாலு லிட்டர் மைலார் பைக்கு (காற்றுப் புகாத, அலுமினியப் படலம் சேர்ந்த தடித்த பை) 300 சிசி அளவு உறிஞ்சி ஒன்று போதும். உறையைப் பிரித்தவுடனே பைக்குள் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் பையின் வாயை ஒட்டிவிட வேண்டும். வெளியே வைத்துக்கொண்டு கதை பேசினால் அது வீட்டிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்ந்துவிடும். சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் பெரிய பயன் இல்லை; அதன் வழியாகக் காற்று மெல்ல உள்ளே வந்துகொண்டே இருக்கும். டப்பாவுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி மூடினால் ஆக்சிஜன் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு 21 பங்கு. 16 பங்கு மிச்சம் இருக்கும்போதே சுடர் அணைந்துவிடும். வண்டுக்கு அது தாராளம்.

இன்னொன்று: இப்படிக் காற்றில்லாமல் அடைப்பதெல்லாம் நன்றாகக் காய்ந்த வெறும் ஓட்ஸுக்கு மட்டும். ஈரமுள்ள பொருளை ஆக்சிஜன் இல்லாமல் அடைத்தால் போட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோயை உண்டாக்கும் கிருமிக்கு வசதியாகிவிடும். சீனி, பால்மாவு, உலர்பழம் எல்லாம் கலந்து வரும் மூன்று நிமிட ஓட்ஸ் பொட்டலங்களை அப்படி அடைக்க வேண்டாம். அவற்றை வாங்கினால் அச்சிட்ட தேதிக்குள் தின்று தீர்த்துவிடுங்கள்.

இத்தனையும் விளக்கியபிறகு ஒன்றைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். என் வீட்டில் மைலார் பையும் இல்லை, உறிஞ்சியும் இல்லை. நாலு பேர் உள்ள குடும்பம், ஆளுக்கு ஒரு வேளைக்கு 50 கிராம், நாளைக்கு இரண்டு வேளை என்று வையுங்கள். ஏழு நாளுக்கு 2.8 கிலோ. அதாவது 800 கிராம் பொட்டலம் நான்கு. இப்போது சாதாரண நாட்களில் வாரத்துக்கு இரண்டு முறை காலைப் பசியாறலுக்கு ஓட்ஸ் என்று வைத்துக்கொண்டால் வாரம் 400 கிராம் போகும். ஒரு பொட்டலம் இரண்டு வாரம், நான்கும் சேர்ந்து இரண்டு மாதம். ஒன்று தீரும்போது புதிதாக ஒன்று வாங்கி வரிசையின் கடைசியில் வைத்தால், என் அலமாரியில் எந்தப் பொட்டலமும் இரண்டு, மூன்று மாதத்துக்கு மேல் இருக்காது. இரண்டு மாதம் இருக்கப் போகிற பொருளுக்கு முப்பது வருடக் கவசம் எதற்கு? மைலார் பை அடைத்தே தீருவேன் என்பவர்கள் செய்யட்டும். ஆனால் நம் சூட்டுக்கு இரண்டு, மூன்று வருடத்துக்கு மேல் நான் கணக்குப் போட மாட்டேன்.

பொட்டலத்தில் "பாயிக் செபெலும்" என்று போட்டிருந்தால் அந்தத் தேதிவரை சுவையும் மணமும் நன்றாக இருக்கும் என்று பொருள். மறுநாளே நஞ்சாகிவிடாது. மூக்கும் நாக்கும் சொல்வதைக் கேட்கலாம். "தாரிக் லுபுத்" என்றிருந்தால் அது முடிவுத் தேதி. பேரம் பேச வேண்டாம்.

எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கு ரொம்ப நாள் குழப்பம். கீழே வைத்தால் வெள்ளம், மேலே வைத்தால் கூரைச் சூடு. வெள்ள நீர் பட்ட ஓட்ஸ் பொட்டலம் பிரியாமல் இருந்தாலும் தூக்கித்தான் போட வேண்டும். கழிவுநீரும் எலிச் சிறுநீரும் கலந்த தண்ணீர் அது. பிளாஸ்டிக் மடிப்பையும் ஒட்டையும் அவ்வளவு நம்ப முடியாது. ஒடுங்காத, துருப்பிடிக்காத சார்டின் டின்னையாவது கழுவி, குளோரின் தண்ணீரில் முக்கி எடுத்துப் பயன்படுத்தலாம். அதனால் வருடத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓட்ஸ் இருப்பது வீட்டின் நடு அறையில், வெயில் படாத சுவர் ஓரம், அலமாரியின் இடுப்பு உயரத் தட்டில். அதுதான் எங்கள் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம். சமையலறையில் வைப்பதில்லை. நவம்பர் பிறந்ததும் நான்கு பொட்டலமும் மூடி இறுகும் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் போய், அலமாரியின் தலைக்கு ஏறும். அந்த ஐந்து மாதச் சூட்டை அவை தாங்கும், ஏனென்றால் நடுநடுவே நாங்கள் தின்றுகொண்டும் மாற்றிக்கொண்டும் இருக்கிறோம். வாளிக்கு இன்னொரு வசதி: நிவாரண மையத்துக்குப் போகச் சொன்னால் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு மோட்டாரில் ஏறிவிடலாம்.

தண்ணீரை மறந்துவிட்டால் ஓட்ஸ் வெறும் தூசிதான். 50 கிராமுக்குக் கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே தேவை, 300 மில்லி என்று வைக்கலாம். நாலு பேருக்கு இரண்டு வேளை, ஏழு நாள் என்றால் கிட்டத்தட்ட 17 லிட்டர். ஒன்றரை லிட்டர் போத்தல் 12 உள்ள அட்டைப்பெட்டி ஒன்று 18 லிட்டர், கணக்கு நேராகிறது. குடிக்கிற தண்ணீர் இதில் சேராது, அதைத் தனியாக வையுங்கள். கலோரிக் கணக்கும் அப்படித்தான். ஒரு கிண்ணத்தில் 190 கலோரிதான். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டாயிரம் வேண்டும். ஓட்ஸை மட்டும் நம்பி உட்காராமல், வறுத்த நிலக்கடலை, பேரீச்சம்பழம், சார்டின், பால்மாவு என்று பக்கத்தில் சில இருக்கட்டும்.

அடுப்பில்லாமல் சாப்பிடுவதானால் சீக்கிரம் வேகும் மெல்லிய ரகம் அரை மணி நேரம் ஊறினால் போதும். தடித்த ரகத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். துண்டாக நறுக்கிய ரகம் ஒன்று பெரிய பேரங்காடிகளில் கிடைக்கும். அது வேக அரை மணி நேரம் கேஸ் செலவாகும், அவசரத்துக்கு வேண்டாம். இரவு முழுக்கப் பாலில் ஊறவைக்கும் செய்முறைகள் எல்லாம் ஐஸ்பெட்டியை நம்பி எழுதியவை. மின்சாரம் இல்லாத வீட்டில், 30 டிகிரியில், பாலில் ஊறும் ஓட்ஸ் விடிவதற்குள் வயிற்றைக் கலக்கும் பொருளாகிவிடும். தண்ணீரில் மட்டும் ஊறவைத்து, உப்பும் கடலையும் போட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் தின்றுவிடுங்கள். உண்ணும்போது பால்மாவைத் தூவிக்கொள்ளலாம்.

வீட்டில் சீனி வியாதிக்காரர் இருந்தால் ரகத்தைக் கவனியுங்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே இன்னும் அதிகம். ஓட்ஸ் என்றாலே சீனி ஏறாது என்பது நம் ஊர் நம்பிக்கை. எவ்வளவு மெல்லியதாக நசுக்கியிருக்கிறதோ அவ்வளவு வேகமாக இரத்தத்தில் சீனி ஏறும். உடனடி ரகத்தைவிடத் தடித்த ரகம் மெதுவாக ஏற்றும். எங்கள் வீட்டில் நான்கில் இரண்டு பொட்டலம் தடித்ததாகவே வாங்குகிறேன், அம்மாவுக்காக.

அம்மாவோ இன்னும் ஓட்ஸைக் கஞ்சி என்று ஒப்புக்கொள்ளவில்லை. "வெள்ளைக்காரன் நொய்" என்கிறார். வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்து உப்புமாவாகக் கிண்டினால் மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். ஆகவே தேதி நெருங்கும் பொட்டலம் உப்புமாவுக்கு, இல்லையென்றால் பொடித்துத் தோசை மாவோடு சேர்ந்துவிடும். ஒவ்வொரு பொட்டலத்தின் முகத்திலும் வாங்கிய மாதத்தை மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதி வைக்கிறேன். போன வாரம் வாளியைத் திறந்து பார்த்தேன். முன்னால் நின்றது இரண்டு மாதம் பழையது. நாளைக்கு அதுதான் பசியாறல்.